செம்பனை ரசீதும் பைதானும்: ஒரு விடுமுறைக்குள் நிரலாக்கம் கற்ற பதிவு

அப்பா செம்பனைப் பழம் (எண்ணெய்ப்பனைப் பழம்) விற்ற ரசீதுகள் எல்லாம் நான் பைதான் மொழியில் எழுதிய நிரலுக்குள் போய்விட்டன. ஆண்டுக் கூட்டுத்தொகை ரசீதுக் கட்டோடு சென் பிசகாமல் ஒத்துவந்தது. செய்தவை மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். பள்ளியில் கணினி அறிவியல் எடுக்காமல், தோட்டப்புறச் சிற்றூரில் இருந்தபடி, குறுகிய காலத்தில் நிரலாக்கத்தின் அடிப்படையைக் கற்க நினைக்கிற யாருக்காவது இந்த விவரங்கள் பயன்படும்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். எல்ஃபில் தோட்டத்துப் பக்கம் அப்பாவுக்கு நான்கு ஏக்கர் செம்பனை. ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர்; தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிய காலத்தில், சேர்த்து வைத்த காசில் இந்த நிலத்தை வாங்கினார். நான் ஊருக்குள் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். அக்கா மகன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான். அவனுக்குப் பகல் முழுக்க நேரம், எனக்கு விடியற்காலையும் இரவும். இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம்.

அமெரிக்கக் கல்லூரிகள் கோடை விடுமுறையில் விரைவுப் பாடங்கள் நடத்துகின்றன. பதினைந்து வாரப் பருவத்துக்கான அறிமுகப் பாடத்தை ஆறு அல்லது எட்டு வாரத்தில் முடித்துவிடுவார்கள். மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு 3 மணி நேரம் வகுப்பு, 6 மணி நேரம் சொந்த உழைப்பு என்பது அங்குள்ள பொதுக்கணக்கு. 15 வாரத்துக்கு 135 மணி நேரம். அதையே 6 வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 22½ மணி நேரம் வருகிறது. நமக்குக் கோடை கிடையாது. தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் வருகிற மாதங்கள்தான் நம் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை. அந்த இடைவெளிக்குள் ஒரு முழுப் பாடத்தை நெருக்கிப் படிக்க முடியுமா என்பதுதான் எங்கள் முயற்சி.

பாடமாக எடுத்தது ஹார்வர்டின் சிஎஸ்50பி. பைதான் மொழிக்கான அறிமுகப் பாடம், 2022இல் வந்தது, டேவிட் மேலன் நடத்துகிறார். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் இலவசப் பைதான் பாடத்தையும் பார்த்தோம். அதில் பயிற்சிகள் ஏராளம், ஆனால் பதினான்கு பகுதிகள். எங்கள் கால அளவுக்குள் அடங்காது. சிஎஸ்50பியில் 0 முதல் 9 வரை பத்து வாரம். இந்தப் பாடம் கிடைக்கிற எட்எக்ஸ் இணையத்தளத்தில் வாரத்துக்கு 3 முதல் 9 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அதிகபட்சத்தைப் பிடித்தாலும் 90 மணி நேரம். ஐந்து வாரத்தில் முடிக்க வாரத்துக்கு 18 மணி நேரம், ஞாயிறு விட்டால் நாளுக்கு 3 மணி நேரம். தாளில் இது அழகாகத்தான் இருந்தது.

கருவிகள்

ஈப்போவில் பழைய மடிக்கணினி ஒன்று 650 ரிங்கிட். அதில் 4 ஜிபி நினைவகம்தான் இருந்தது. இன்னொரு 4 ஜிபி போட 60 ரிங்கிட், வன்தட்டைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்ட 85 ரிங்கிட். மோடத்துக்குச் சின்ன யூபிஎஸ் 95 ரிங்கிட். கைப்பேசியில் கூடுதல் டேட்டா 35 ரிங்கிட். ஆக 925 ரிங்கிட். பாடம் இலவசம். வேண்டிய மதிப்பெண் எடுத்தால் பாடத்தை நடத்துகிற ஹார்வர்டின் சிஎஸ்50 குழு தருகிற சான்றிதழும் இலவசம். எட்எக்ஸின் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குத்தான் கட்டணம். அது எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இதில் எது உண்மையில் உதவியது என்று இப்போது சொல்ல முடியும். நினைவகம் கட்டாயம் வேண்டும். இந்தப் பாடத்தில் நிரல் எழுதுகிற இடம் உலாவிக்குள்ளேயே திறக்கும். நிரல் எழுத உதவுகிற விஎஸ் கோட் என்ற செயலி அப்படியே இணையத்தில் ஓடும். நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்ஹப் தளத்தில் கணக்கு ஒன்று இருந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் 4 ஜிபியில் அதையும் விரிவுரைக் காணொளியையும் சேர்த்துத் திறந்தால் கணினி மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. நினைவகம் வாங்கக் காசு இல்லாதவர்கள் விரிவுரையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, மடிக்கணினியை நிரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் நினைவகம் கூட்டிய பிறகும் இப்படித்தான் செய்தோம். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பக்கத்துத் திரையில் தட்டிப் பார்ப்பது வசதி.

யூபிஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேராக்கில் பிற்பகலில் மழையும் இடியும் வராத வாரம் குறைவு. மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்தால்கூட மோடம் மறுபடி எழுந்து இணைப்புப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். உலாவிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு அந்த நிமிடங்களில் கை கட்டிப்போகும். எங்கள் மோடம் 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்று மின்கலம் வைத்த சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். வாங்குமுன் மோடத்தின் அடியில் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து, முனையின் அளவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இடி பலமாக இருந்தால் அதையும் நம்பாமல் கம்பிகளைக் கழற்றிவிடுவதுதான் சரி.

அந்த நேரத்துக்காகவே கணினியிலும் பைதானையும் விஎஸ் கோடையும் நிறுவிக்கொண்டோம். மழை நேரத்தில் கணினியில் எழுதுவது, இணைப்பு வந்ததும் உலாவிக்குள் ஒட்டிச் சமர்ப்பிப்பது. இந்த ஏற்பாடு பின்னால் ஒரு தலைவலியைக் கொண்டுவந்தது. அதுவே நல்ல பாடமாகவும் அமைந்தது.

முதல் மூன்று வாரங்கள்

வாரம் 0 செயல்கூறுகளும் மாறிகளும், வாரம் 1 நிபந்தனைகள், வாரம் 2 சுழல்கள். இவை மூன்றும் வேகமாக ஓடின. விரிவுரையை ஒன்றேகால் மடங்கு வேகத்தில் வைத்தோம், ஆங்கில எழுத்துகள் கீழே ஓடின. மொத்த விரிவுரைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 16 மணி நேரம்தான். மீதி எல்லாம் பாடத்தில் தருகிற பயிற்சிக் கணக்குகளுக்கு நிரல் எழுதுகிற நேரம். விரைவுப் பாடம் என்று சொல்லும்போது இந்த விகிதத்தை மனதில் வைக்க வேண்டும். கேட்பதைச் சுருக்கலாம். எழுதிப் பார்ப்பதைச் சுருக்க வழியே இல்லை.

ஒவ்வொரு கணக்கையும் செக்50 என்கிற சோதனைக் கட்டளை பார்த்துத் திருத்தும். சரியென்றால் பச்சையில் சிரித்த முகம், தவறென்றால் சிவப்பில் சுளித்த முகம். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத ஊரில் இது பெரிய துணை. நள்ளிரவிலும் திருத்திக் கொடுக்கிறது, எங்கே தவறியது என்றும் காட்டுகிறது.

வாரம் 2இல் வண்டி எண் பலகைக் கணக்கு ஒன்று வரும். எண் பலகை இரண்டு எழுத்தில் தொடங்க வேண்டும், மொத்தம் ஆறு குறிக்கு மேல் போகக் கூடாது, இலக்கங்கள் கடைசியில்தான் வர வேண்டும், முதல் இலக்கம் சுழியமாக இருக்கக் கூடாது. அது ஹார்வர்ட் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விரும்பிக் கேட்டு வாங்குகிற எண்களுக்கான கணக்கு. அந்தக் கணக்கைச் சமர்ப்பித்த பிறகு தம்பி தானாகவே நம் நாட்டு எண்களுக்கு அதை மாற்றி எழுதினான். பேராக்குக்கு ஏ, கெடாவுக்கு கே, ஜொகூருக்கு ஜே. ஐ, ஓ ஆகிய எழுத்துகள் வருவதில்லை. இசட் ராணுவ வண்டிகளுக்கு. ஒற்றை எழுத்திலும் தொடங்கலாம், மூன்று எழுத்து வரை போகலாம். கோலாலம்பூர் வண்டிகளில் சிலவற்றுக்கு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் எழுத்து வரும் என்பது தெரிய வந்தபோது எழுதிய நிபந்தனைகள் எல்லாம் சரிந்தன. மறுபடி கட்டினான். பாடத்தில் கேட்காத அந்த வேலைதான் நிபந்தனைகளை அவன் கைக்குப் பழக்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு கணக்கையாவது நம் ஊர்க் கணக்காக மாற்றி எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். குளிர்பான இயந்திரக் கணக்கில் 25, 10, 5 காசுகளுக்குப் பதில் நம் 50, 20, 10, 5 சென். உணவகக் கணக்கில் மெக்சிக்கோ பதார்த்தங்களை எடுத்துவிட்டுத் தோசை, ரொட்டி சானாய், தே தாரேக்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. சொல்லில் உள்ள உயிரெழுத்துகளை நீக்குகிற கணக்கைத் தமிழில் செய்து பார்க்க ஆசைப்பட்டோம். ‘தமிழ்’ என்று கொடுத்து நீளத்தைக் கேட்டால் பைதான் 5 என்கிறது. நாம் எண்ணினால் 3. யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் குறிகள் எழுத்தை விட்டுப் பிரிந்து வேறு எழுத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தமிழ்ப் பெயர்களைக் கையாளப் போகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே செய்து பார்த்துவிடுவது நல்லது.

வேகம் தடுமாறிய இடம்

வாரத்துக்கு இரண்டு பாடம் என்ற திட்டம் 3, 4 என்று போகும்போது நழுவியது. வாரம் 3 விதிவிலக்குகள், அதாவது பயனர் தப்பாக எதையாவது தட்டினால் நிரல் விழாமல் பார்த்துக்கொள்வது. வாரம் 4 நூலகங்கள், அதாவது பிறர் எழுதி வைத்த நிரல்களை எடுத்துப் பயன்படுத்துவது. விரிவுரை புரிந்தது. "சின்னம்மா, கேக்கும்போது எல்லாம் வெளங்குது, எழுத உக்காந்தா கை ஓடல" என்றான் தம்பி. எனக்கும் அதே நிலைதான்.

அவன் காணொளியில் யாரோ போட்டிருந்த விடைகளைப் பார்த்து ஒரு கணக்கை முடித்தான். சிரித்த முகம் வந்தது. ஆனால் அடுத்த கணக்கில் அதே முறையைப் பயன்படுத்த வேண்டி வந்தபோது வரி நகரவில்லை. பாடத்தின் நேர்மை விதியும் அதை அனுமதிப்பதில்லை. பொதுவான செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்கும் அனுமதி இல்லை. பாடத்துக்கென்றே ஒரு வாத்து உதவியாளர் இருக்கிறது. கேட்டால் விடை தராது, குறிப்பு தரும், எதிர்க்கேள்வி போடும். அந்தக் கணக்கை அழித்துவிட்டு வாத்தோடு பேசிப் பேசி மறுபடி எழுதினான்.

அந்தக் கட்டத்தில் திட்டத்தையே மாற்றினோம். இரண்டு பாடங்களை ஒரே நாளில் கலப்பதில்லை. ஒரு நாள் விரிவுரை, ஆனால் அன்றைக்குக் கணக்கைப் படித்துப் பார்த்து, தாளில் படிகளை எழுதுவதோடு சரி. எழுதுவது மறுநாள் காலை. தூங்கி எழுந்து பார்க்கும்போது நேற்று சிக்கியிருந்தது பெரும்பாலும் இளகியிருக்கும். நான் ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகும் முன் ஒரு கணக்கு முடிப்பேன். அவன் பசியாறிய பிறகு தொடங்குவான். இரவில் ஒருவர் எழுதியதை மற்றவர் வரி வரியாக வாசித்து விளக்க வேண்டும். விளக்க முடியாத வரி இருந்தால் அந்தக் கணக்கு முடியவில்லை என்று பொருள். நாளுக்கு மூன்று மணி நேரத்தை ஒரே மூச்சில் உட்காருவதைவிட, ஒன்றரை ஒன்றரையாகப் பிரிப்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஒத்துவந்தது.

ஒரு சில்லறைத் தடை: வாரம் 3இல் மளிகைப் பட்டியல் கணக்கில், உள்ளீடு முடிந்தது என்று சொல்லக் கன்ட்ரோலும் டியும் அழுத்த வேண்டும். உலாவிக்குள் இது வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஓடுவது லினக்ஸ். கணினியில் விண்டோஸ் இருந்தால் கன்ட்ரோல், இசட் அழுத்தி அப்புறம் என்டர் தட்ட வேண்டும்.

வாரம் 5 சோதனைகள் எழுதுவது. பழைய கணக்குகளுக்கே சோதனை எழுதச் சொல்வார்கள் என்பதால் சீக்கிரம் முடிந்தது. பலரும் இதை அலுப்பாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாரம் இதுதான். கடையில் பேரேடு சரிபார்க்கிற எனக்கு, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து நிரலைச் சோதிப்பது இயல்பாகவே வந்தது.

வாரம் 6 கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும். வாரம் 7 சீரான குறித்தொடர் வடிவங்கள், ஆங்கிலத்தில் ரெஜெக்ஸ் என்பார்கள்; ஓர் எழுத்துத் தொடர் நாம் சொல்கிற வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிற முறை. பத்து வாரத்திலும் அதிக நேரம் கேட்டது இதுதான். புள்ளிகளும் அடைப்புகளும் நெருக்கமாக நிற்கிற ஒரு வரியைப் படிக்கவே முதலில் கண் பழக வேண்டும். தம்பி தன் வண்டி எண் நிரலை எடுத்து, அதில் இருந்த அத்தனை நிபந்தனைகளையும் ஒரே வடிவ வரியாகச் சுருக்கியபோதுதான் இதன் பலம் எங்களுக்குப் புரிந்தது. வாரம் 2இல் அந்த நிரல் இல்லாமல் போயிருந்தால் வாரம் 7 இன்னும் இழுத்திருக்கும்.

வாரம் 8 பொருள்நோக்கு நிரலாக்கம், அதாவது தரவையும் அதைக் கையாள்கிற செயல்கூறுகளையும் ஒரே ‘பொருளாக’க் கட்டி வைப்பது. விரிவுரை மட்டும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இதை வேகமாக ஓட்டாமல் சாதாரண வேகத்தில், மூன்று பகுதியாகப் பிரித்துப் பார்த்தோம். வாரம் 9 சில்லறை விஷயங்கள், பார்த்துவிட்டுக் கடந்தோம்.

ரசீது நிரல்

கடைசியில் சொந்தமாக ஒரு நிரல் செய்ய வேண்டும். முதன்மைச் செயல்கூறு ஒன்று, அதைத் தவிர குறைந்தது மூன்று செயல்கூறுகள், அவற்றுக்குச் சோதனைகள், விளக்கக் கோப்பு, மூன்று நிமிடத்துக்கு மேற்படாத காணொளி. நான் எடுத்தது அப்பாவின் ரசீதுகள்.

பழம் அறுப்பது பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. லோரி வந்து குலைகளையும் உதிரிப் பழத்தையும் ஏற்றிப் போகும், வியாபாரி எடை போட்டு ரசீது தருவார். காயும் ஈரமும் இருந்தால் எடையில் சில விழுக்காடு கழிப்பார். விலை டன்னுக்கு இவ்வளவு என்று. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் எண்ணெய் பிழிதிறனில் (பழ எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் கிடைக்கிறது என்ற அளவு) ஒரு விழுக்காட்டுக்கு இன்ன விலை என்று வெளியிடும். அது 42 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பிழிதிறன் 19 விழுக்காடு என்றால் டன்னுக்கு 798 ரிங்கிட். வியாபாரி தன் லோரிச் செலவும் இலாபமும் போகக் கொடுப்பது அதைவிடக் குறையும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கையால் செய்தால் ரசீதுக் கட்டிலேயே சோர்ந்துவிடுவோம்.

ரசீதுகளை எக்செலில் தட்டி, சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தேன். தேதி, வியாபாரி, எடை, கழிவு, விலை, கிடைத்த தொகை. உலாவிக்குள் ஏற்றி ஓட்டியதும் முதல் வரியிலேயே நின்றது: ‘தேதி’ என்ற தலைப்பே இல்லை என்றது. கோப்பைத் திறந்து பார்த்தால் தலைப்பு கண்முன்னே இருக்கிறது. வாத்து கொடுத்த குறிப்பின்படி தலைப்புகளை அச்சிட்டுப் பார்த்தபோது, ‘தேதி’க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருந்தது. எக்செல் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் அதை வைக்கிறது. கோப்பைத் திறக்கிற இடத்தில் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கிற முறையை, ‘யூடிஎஃப்-8-சிக்’ (utf-8-sig) என்று சொல்லிவிட்டால் பைதான் அந்தக் குறியை விழுங்கிவிடும்.

நான் முன்னால் சொன்ன தலைவலி இதற்குப் பிறகு வந்தது. மாத அறிக்கையைத் தமிழில் எழுதுகிற பகுதி உலாவிக்குள் ஒழுங்காக ஓடியது. எங்கள் கணினியில் ஓட்டினால் விழுந்தது. எங்கள் பைதான் பதிப்பில், குறியாக்கம் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் விண்டோஸ் தன் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது, அதில் தமிழுக்கு இடமில்லை. லினக்ஸில் சொல்லாமலே யூடிஎஃப்-8. அதனால் தமிழ்க் கோப்பு எதைத் திறந்தாலும், படிப்பதாக இருந்தாலும் எழுதுவதாக இருந்தாலும், குறியாக்கத்தைக் கையால் எழுதிவிடுங்கள்.

அப்புறம் பணம். முதல் வடிவத்தில் எல்லாவற்றையும் புள்ளி எண்களாகவே வைத்திருந்தேன். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பைதான் 0.30000000000000004 என்று காட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2.675ஐ இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் 2.67 தருகிறது. புள்ளி எண்கள் உள்ளே இரும எண்களாகத் தோராயமாகவே நிற்பதால் இப்படி. ரசீதுத் தொகைகளோடு ஒப்பிட்டபோது பல இடத்தில் ஒத்துவரவில்லை. நான் இந்தத் தோராயத்தைத்தான் சந்தேகித்தேன். தொகை முழுவதையும் சென்னில், முழு எண்ணாக மாற்றினேன். இதற்கு ஒரு நல்ல வழி கிடைத்தது: எடை கிலோவிலும் விலை டன்னுக்கு ரிங்கிட்டிலும் இருந்தால், இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் நேரே சென் வந்துவிடும். புள்ளியே தேவையில்லை.

அதற்குப் பிறகும் வித்தியாசம் போகவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தவ்கே கணக்கு எப்பவும் ஒரு வெள்ளிக்குள்ளதான் இடிக்கும், அதைப் போயி ஏன் நோண்டுற?" என்றார். தவ்கே என்றது வியாபாரியை, வெள்ளி என்றது ரிங்கிட்டை. ஆனால் பெரும்பாலான ரசீதுகளில் வித்தியாசம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது எனக்கு உறுத்தியது. ஒரு ரசீதை எடுத்துத் தாளில் போட்டேன். எடை 1,140 கிலோ, கழிவு 3 விழுக்காடு, விலை டன்னுக்கு 760. கழிவு போக 1,105.8 கிலோ, தொகை 840.41, ரொக்கத்துக்கு ஐந்து சென்னில் முடித்தால் 840.40. ரசீதில் இருந்ததோ 839.80. அறுபது சென் குறைவு. 839.80 எப்படி வரும் என்று பின்னாலிருந்து போட்டால், 1,105 கிலோ. கழிவுக்குப் பிறகு வருகிற பின்னத்தை அவர் விட்டுவிடுகிறார். அவ்வளவுதான். மற்ற ரசீதுகளையும் அப்படியே போட்டேன், ஒவ்வொன்றாக ஒத்துவந்தன.

எல்லாம் அல்ல. அப்பா இரண்டு வியாபாரிகளிடம் போடுகிறார். இரண்டாமவரின் ரசீதுகள் பின்னத்தை விட்டுவிட்டால் ஒத்துவரவில்லை. அவர் கிட்டிய முழுக் கிலோவுக்குக் கொண்டுபோகிறார். அதே எடையை அவரிடம் போட்டிருந்தால் 1,106 கிலோ, 840.55. இரண்டு பேருமே ஒரே முறையில் எப்போதும் கணக்கிடுகிறார்கள், ஒளிவுமறைவு இல்லை. எங்களுக்குத்தான் இத்தனை காலம் தெரியாமல் இருந்தது.

இங்கேதான் வாரம் 8 கைகொடுத்தது. ஒவ்வொரு வியாபாரிக்கும் அவரவர் முழுமையாக்கும் முறையோடு ஒரு பொருள். ரசீது அந்தப் பொருளிடம் எடையைக் கொடுத்துத் தொகையைக் கேட்கும். பின்னத்தை விடுகிறவருக்குப் பைதானின் இரட்டைச் சாய்கோட்டு வகுத்தல் போதும்; 1,140ஐ 97ஆல் பெருக்கி அப்படி 100ஆல் வகுத்தால் 1,105 கிடைக்கும். கிட்டிய கிலோவுக்குப் போகிறவருக்கு வகுக்குமுன் 50 கூட்டினால் சரி. ரொக்கத்துக்கு ஐந்து சென்னில் முடிக்க, சென்னோடு 2 கூட்டி, 5ஆல் அதே போல வகுத்து, மறுபடி 5ஆல் பெருக்க வேண்டும். 2008 ஏப்ரல் முதல் ஒரு சென் இல்லாமல் ரொக்கக் கணக்கு முடிக்கிற முறைதான் இது: 1, 2 கீழே போகும், 3, 4 ஐந்தாகும், 6, 7 ஐந்துக்கு இறங்கும், 8, 9 பத்தாகும். இந்த எட்டு நிலைகளும் அப்படியே என் சோதனைகள் ஆயின. அப்பாவின் பழைய ரசீதுகளில் சிலவற்றையும் சோதனையாகச் சேர்த்தேன்.

ஆண்டறிக்கையைப் பிடிஎஃப் ஆக எடுக்க, பாடத்தில் பயன்படுத்திய எஃப்பிடிஎஃப்2 நூலகத்தையே எடுத்துக்கொண்டேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தும், ‘செம்பனை’யில் எகரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அந்த நூலகத்தில் எழுத்துகளைக் கோத்துத் தருகிற வசதி ஒன்று உண்டு. அதற்கு யூஹார்ஃப்பஸ் என்கிற துணை நூலகத்தையும் நிறுவி, அந்த வசதியை இயக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அதன் பிறகு கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அப்பா அறிக்கையைக் கையில் வாங்கி, மழை மாதங்களில் கழிவு விழுக்காடு கூடியிருந்த வரிகளில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். ஈரத்தோடு லோரியில் ஏற்றுவதைப் பற்றி அறுப்புக்காரரிடம் பேசப் போவதாகச் சொன்னார்.

மறுபடி செய்தால்

ஐந்து வாரத்துக்குள் முடியவில்லை. ஆனால் எஸ்பிஎம் முடிவு வருமுன் இரண்டு பேருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. யாராவது இதே பாடத்தை விடுமுறைக்குள் எடுக்க நினைத்தால், 0 முதல் 2 வரை நெருக்கலாம், 5ஐயும் 9ஐயும் நெருக்கலாம். 3, 4, 6 மூன்றுக்கும் தலா முழு வாரம், 7க்கும் 8க்கும் அதைவிடக் கூடுதலாக ஒதுக்குங்கள். இறுதி நிரலுக்கான கோப்பைக் கடைசிவரை தள்ளிப்போடாமல், வாரம் 6 தொடங்குகிற அன்றே தட்டி வைத்துவிட வேண்டும். சொந்தக் கோப்பில் வருகிற குறியாக்கச் சிக்கல்கள் பாடக் கணக்குகளில் வராது. பணம் வருகிற நிரல் என்றால் முதல் வரியிலிருந்தே சென்னில், முழு எண்ணில் எழுத வேண்டும். கருவிகளில் எஸ்எஸ்டியை விட்டுவிட்டிருக்கலாம். 85 ரிங்கிட் மிச்சமாகியிருக்கும். யூபிஎஸ்ஸை விடமாட்டேன்.

இப்போது தம்பி எண்ணெய் வாரிய விலையோடு ரசீது விலையை ஒப்பிடுகிற பகுதியை எழுதுகிறான். நான் உரச் செலவைச் சேர்க்கிறேன். தேதி, உர வகை, 50 கிலோ மூட்டை எத்தனை, மூட்டை விலை, போட்ட வரிசை என்று தலைப்புகள் முடிவாகிவிட்டன. பழைய உர ரசீதுகளில் பாதி மழையில் நனைந்து எழுத்து அழிந்திருக்கின்றன. கிடைத்தவற்றை இந்த வாரம் தட்டி முடித்துவிடுவேன்.